லம்யாய்க்கு நல்ல ரத்தம் வந்த நாள்

ஆஸ்பத்திரியும் அதன் மிஷினும் ஒரே குரலில் "ரத்தம் அருமையாக இருக்கிறது" என்று சொன்ன என் மகளை, அந்த அருமையான ரத்தத்திடமிருந்தே பிடுங்கிக் காப்பாற்றியவன் நான். அவளுடைய பழைய கெட்ட ரத்தம் திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் ஆட்டம் ஆடினேன். அந்த ஆட்டத்தில் எங்கள் ஊர் யோம் ஆறு ஒரு முழம் ஏறியது. ஏறிய ஆறு நான் உட்காரும்வரை இறங்கவில்லை.

காலைச் சந்தையில் சோயாப்பால் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் முப்பது வருஷம் மருந்துப் பட வண்டியில் மைக் பிடித்தவன், அதனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஊர் ஊராகப் போய்த் திரை கட்டி, இலவசமாகப் படம் காட்டி, கதாநாயகியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டு ரயில் வரும் நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டு மருந்து விற்போம். சரக்கு தீர்ந்தால்தான் ரயில் நகரும். எங்கள் தலைவலித் தூளை ஒரு யானைக்குக் கொடுத்தேன், தலைவலி போன சந்தோஷத்தில் அது பாகனுக்குத் தலை பிடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ரத்த விருத்தி டானிக் சொட்டியதில் வெள்ளைக் கோழி சிவப்புக் கோழியானது என்றும் சொல்லியிருக்கிறேன். ஜனங்கள் நம்பி வாங்கவில்லை, ரசித்து வாங்கினார்கள். அது வேறு கணக்கு.

என் மகள் லம்யாய் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மேடைக்கு அவளும் வருவாள். டானிக் குடிக்காத பிள்ளை என்று அவளை நிறுத்துவேன். பவுடர் பூச வேண்டிய அவசியமே இல்லாத வெளுப்பு. டானிக் குடித்த பிள்ளைக்கு நூடுல்ஸ் கடைக்காரர் மகன். இரண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் உண்டு, அதனால் இரண்டு பேரும் வேஷத்தை உயிராகச் செய்தார்கள். செத்துப்போன என் மனைவி சங்வான் வகையறாவிலேயே எல்லாருக்கும் அந்த நிறம்தான். உள்ளங்கை வெள்ளை, கண்ணில் லேசான மஞ்சள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அதை நாங்கள் நோய் என்று நினைத்ததே இல்லை. சங்வான் வீட்டு நிறம் என்போம், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் லம்யாய்க்குக் காய்ச்சல் வந்தது. அவள் புருஷன் வித்தூன் ஐஸ் லாரி ஓட்டுகிறவன், அவள் தும்மினால் லாரியை ஓரம் கட்டிவிடுகிற பிரியம். எலும்பெல்லாம் முறிகிறது என்று அவள் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல் கடையில் தலைவலித் தூள் வாங்கிக் கலக்கிக் கொடுத்தான், வேளைக்கு ஒன்றாக. அவன் அம்மா பன்றி ரத்தக் கட்டியும் கோவை இலையும் ஈரலும் போட்டு அடுக்குப் பாத்திரம் நிறைய சூப் கொண்டுவந்தாள். வெளுத்த மருமகளுக்கு ரத்தம் ஊற வேண்டுமாம். பல் ஈறில் ரத்தம் கசிந்தபிறகுதான் தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டெங்கு. வார்டில் பாதிப்பேருக்கு அதுதான். பொறுப்பு நர்ஸ் யூபின் எங்கள் தெருக்காரி. அவள் சின்னப் பெண்ணாக என் படம் பார்த்து வளர்ந்தவள், அதனால் என் பேச்சில் எத்தனை வீசம் நிஜம் என்று அவளுக்குத் தெரியும். முதல் வேலையாக வித்தூன் சட்டைப் பையிலிருந்த மிச்சத் தூளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். இந்தக் காய்ச்சலில் ரத்தம் உறைவதே கஷ்டம், அதையும் இந்தத் தூள் கெடுத்துவிடும் என்று அவனைத் திட்டினாள். பிறகு, குடும்பத்தில் பிறவியிலேயே வருகிற நோய் ஏதாவது உண்டா என்று கேட்டாள். கொஞ்சம் வெளுப்பு, வேறொன்றுமில்லை என்றான் வித்தூன்.

நான் சும்மா இருப்பேனா? "கொஞ்சம் வெளுப்பா? இவ அம்மா வீட்டுல ஒருத்தருக்கும் ரத்தமே கிடையாது தங்கச்சி, தேத்தண்ணிதான் ஓடும். இவ பாட்டி உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டை வச்சா இந்தப் பக்கம் நம்பர் தெரியும். கொசு இவளைக் கடிச்சுட்டு அரைப் பட்டினியா திரும்பிப் போகும்."

யூபின் தலையைத் தூக்காமலே, "அப்போ இந்தக் கொசு மட்டும் எப்படிண்ணே வயிறார விருந்து சாப்பிட்டுப் போச்சு?" என்றாள். வார்டே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

அதற்கப்புறம் ஒரு பகல், காய்ச்சல் விட்டது. வித்தூனுக்குத் தலைகால் புரியவில்லை. லம்யாயின் கன்னம் பன்னீர் நாவல் பழம்போலச் சிவந்திருந்தது, பிறந்ததிலிருந்து நான் பார்க்காத நிறம். யூபின் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தாள். இந்தக் காய்ச்சலில் ரத்தக் குழாயிலிருந்து தண்ணீர் கசிந்து வெளியே போகும், அப்போது ரத்தம் கெட்டியாகி ஓர் அளவு ஏறும், அது ஏறுகிறதா என்றுதான் வேளாவேளைக்குப் பார்க்கிறோம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சேர்த்த அன்றே முப்பத்துநாலு இருந்தது, இப்போது அந்த அளவு முப்பத்தாறு, பெரிதாக ஏறவில்லை.

"எனக்கே இவ்வளவுதான். நல்லா இருக்கா உங்க பொண்ணு" என்றாள்.

அவ்வளவுதான், சூப்புக்குப் பெயர் வந்துவிட்டது. வித்தூன் அம்மா வார்டு முழுக்கச் சூப் ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பக்குவம் கேட்டார்கள். நானும் ஒரு கிண்ணம் வாங்கி உறிஞ்சிக்கொண்டே மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவள் பாதத்தைச் செல்லமாகப் பிடித்தேன்.

அவள் புருஷன் லாரியில் கை வைத்ததுபோல இருந்தது. அவ்வளவு குளிர்ச்சி.

"அப்பா, வயிறு வலிக்குது" என்றாள். கண் என்னைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இந்தக் கை எத்தனை ஆயிரம் டானிக் பாட்டில் விற்ற கை. வெளுத்துப்போன ஒருத்திக்கு நாலு நாளில் ரத்தத்தை ஏற்றுகிற பொருள் இந்தப் பூமியில் எதுவுமே இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் அதை நான் விற்றிருப்பேன், இந்நேரம் யோம் ஆற்றையே விலைக்கு வாங்கியிருப்பேன். வராத ரத்தம் வந்ததுபோலத் தெரிகிறது என்றால், வேறு ஏதோ போய்க்கொண்டிருக்கிறது. யூபின் சொன்ன தண்ணீர்தான்.

ஓடினேன். "தங்கச்சி, இவ ரத்தம் இவ்வளவு நல்லா இருக்கவே முடியாது. நல்லா இருக்கிறதுதான் ஆபத்து. செத்துருவா."

என் காதுக்கே அது மருந்து விற்கிற குரலாகத்தான் கேட்டது. யூபின் ஊசி மருந்தை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க டானிக் பக்கத்துல நின்னு வளர்ந்த பொண்ணாச்சே. இப்பத்தான் வேலை செய்யுது போல."

டாக்டர் எங்கே என்றேன். இருக்கிற ஒரே டாக்டர் ஆபரேஷன் அறையில், ஒரு கஷ்டப் பிரசவத்தில். வேறு யாரையாவது கூப்பிடு என்று கையைப் பிடித்தேன். யூபின் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் முதல் ஆளாக அவளைப் பார்க்கிறேன், இன்னும் ஆறு கட்டில் இருக்கிறது என்றாள். வித்தூன் என் தோளைத் தொட்டு, "மாமா, நல்ல சேதி வந்த அன்னிக்குமா நாடகம்? கொஞ்சம் உட்காருங்க" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். அதுதான் என்னை உடைத்தது. சொல்லிச் சொல்லி நான் சேர்த்துவைத்த பெயர் எனக்கு முன்னால் வந்து கதவடைத்து நின்றது.

கட்டிலுக்குத் திரும்பினேன். லம்யாயின் விரல் நகம் நீலம் பூத்திருந்தது. அவள் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு யாரிடமோ தண்ணீர் கேட்டாள். அந்த நிமிஷம் எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு உண்மை. நான் சொல்லாத உண்மையாக இருக்க வேண்டும். அவர்களுடைய உண்மையாகவே இருக்க வேண்டும்.

தோரணங்களுக்கு நடுவே கோயில் மைதானம் ஞாபகம் வந்தது.

மறுபடி யூபின் முன்னால் போய் நின்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அலங்காரம் இல்லாமல் பேசுவது, பல் செட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசுவதுபோல இருந்தது.

"யூபின். மழைக்கால விரதம் முடியற அன்னிக்குக் கோயில்ல ரத்ததானம். லம்யாய் வருஷா வருஷம் வருவா. நீதான் அவ விரலைக் குத்துவ. நீலத் தண்ணியில ஒரு சொட்டு விடுவ. நல்ல ரத்தம்னா முங்கும்னு நீதான் எனக்குச் சொன்ன."

அவள் கை நின்றது.

"அவ சொட்டு முங்குச்சா?"

யூபின் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். அந்த நீலக் குப்பியைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "மிதந்துச்சு" என்றாள். பிறகு, "எல்லா வருஷமும் மிதந்துச்சு. போய்ப் பரிசோதனை பண்ணிக்கன்னு சொல்லி, சர்பத் குடுத்து அனுப்பிடுவேன்."

அடுத்த கணம் அவள் கட்டிலருகே இருந்தாள். ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள், ஊதினாள், முகம் மாறியது. செருப்பு ஒரு பக்கம் கழன்றுபோக, யாரும் தட்டக்கூடாத ஆபரேஷன் அறைக் கதவைப் போய்த் தட்டினாள்.

பிள்ளை பிறந்திருந்தது. டாக்டர் அங்கியோடு வந்தார், என் மகளைவிடச் சின்ன வயசு. வயிற்றை அமுக்கினார், பாதத்தைத் தொட்டார், நல்ல நாளில் இவர் அளவு என்ன என்று கேட்டார். தெரியாது டாக்டர், ஆனால் தானத்துக்கு ஒரு வருஷமும் தேறியதில்லை என்றாள் யூபின்.

"அப்போ மத்தவங்களுக்குத்தான் முப்பத்தாறு சாதாரணம். இவங்களுக்கு அது மலை உச்சி" என்றார் டாக்டர்.

அதன்பிறகு நடந்ததை மிகைப்படுத்த எனக்கே வரவில்லை. இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். குறைவாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், கூடுதலாக ஏற்றினால் கசிந்த தண்ணீர் நெஞ்சில் சேர்ந்து மூச்சை அடைக்கும். டாக்டர் கட்டிலை விட்டு நகராமல் சொட்டைக் கூட்டியும் குறைத்தும் நின்றார். மாகாண ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தப் பை வரச் சொன்னார்கள், தூள் தின்ற வயிறு உள்ளுக்குள் கசிந்தால் உதவும் என்று. வித்தூன் சுவரோரம் குந்தி, "நான்தானே மாமா கலக்கிக் குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பொய்கூட இல்லை.

வராந்தாவில் நின்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அவித்த முட்டை நூறு நேர்ந்துகொண்டேன். போதவில்லை என்று தோன்றியது. இனிச் சாகும்வரை பொய் சொல்ல மாட்டேன் என்றேன். காப்பாற்ற முடியாத வாக்கைச் சாமிக்குக் கொடுத்து அவரைக் கோபப்படுத்த வேண்டாமே என்று, பிக்குகள் கோயிலிலேயே தங்குகிற மழைக்கால விரத மாதங்கள் மூன்றில் மட்டும் என்று திருத்திக்கொண்டேன். சங்வானை நினைத்து, உன் நிறத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடு என்று கேட்டேன். அப்போது அழுதேன். அதில் மிகை ஒன்றும் இல்லை.

விடிந்து வெகுநேரம் கழித்து யூபின் சீட்டோடு வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் தெரியவில்லை. "இருபத்தேழுண்ணே" என்றாள்.

இறங்கிவிட்டது. ஆனால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டென்று இரவெல்லாம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். போன தண்ணீர் திரும்பியிருக்கலாம். அல்லது உள்ளே எங்கோ ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். இருவரும் ஒன்றாகத்தான் உள்ளே ஓடினோம். டாக்டர் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய்ப் பாதத்தைப் பிடித்தேன். வெதுவெதுப்பு. முகம் பழையபடி வெளுத்து, அழகாக, சங்வானேபோல.

"அப்பா, பசிக்குது. ஒட்டரிசியும் சுட்ட பன்றியும் வாங்கிட்டு வாங்க" என்றாள். பிறகு, மாமியார் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "சூப் வேண்டாம்."

டாக்டர் சிரித்தார். அந்த ஆட்டத்தை நான் ஆடியது அப்போதுதான்.

பின்னால் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, பிறவியிலேயே வந்த தலசீமியா என்றார்கள். ஒரு பங்கு அம்மா வழி, ஒரு பங்கு அப்பா வழி, இரண்டும் சேர்ந்ததால் இவ்வளவு. ஆயுசெல்லாம் மனைவி வீட்டைச் சொன்னவன், பாதி என் சரக்கு என்று அறிந்து வெட்கப்பட்டேன். ஆனாலும் என் பாதி கொஞ்சம் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். இரும்புச் சத்து டானிக் இவளுக்கு ஆகவே ஆகாது, உடம்பில் தங்கிக் கெடுக்கும் என்றும் சொன்னார்கள். விற்கிற சரக்கை வீட்டில் தொடவிடாத என் கஞ்சத்தனத்தை நான் அன்று மெச்சிக்கொண்டேன்.

விரதம் முடிந்த நாளில் கோயிலில் ரத்ததானம். லம்யாய் இப்போது தானத்துக்கு நிற்பதில்லை, சர்பத் ஊற்றிக் கொடுக்கிறாள். என் வாக்கின் கெடுவும் அன்று காலையோடு தீர்ந்திருந்தது. வரிசையில் நின்றவர்களிடம் ஆறு ஏறியதிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாத்தியார் யூபினிடம், நல்ல ரத்தம் வந்து எங்கேயாவது ஆள் சாகுமா, நீங்களாவது இவர் வாயை அடைக்கக் கூடாதா என்று கேட்டார்.

யூபின் அவர் விரலைக் குத்தி, நீலத் தண்ணீரில் சொட்டை விட்டாள். அது முங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு ஏறினது பொய்" என்றாள். "மத்தது நடந்தது வாத்தியாரே. நான் பக்கத்துலயே நின்னேன். நான்தான் நம்பல."