எதிர்மலைக் குரல்

கெட்டில் மலைக்குப் போகலாம் என்று சொன்னது க்ளேட்டன்தான். நான் கேட்கவில்லை. மேலே இருக்கும் தீக்காவல் கோபுரத்தைப் பழுதுபார்த்துத் திறந்து ஒன்பது வருடமாயிற்று. ஊரில் பாதிப் பேர் ஏறிவிட்டு வந்து, "உன் கோபுரத்துக்குப் போனோம் வெர்னா" என்பார்கள். நான் "அப்படியா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே க்ளேட்டன், "இன்னிக்குக் காத்து இல்ல. இலையெல்லாம் நல்லா செவந்து கெடக்கு. மலைக்குப் போவமா?" என்றான்.

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

"அடுத்த வருஷம் இதுவும் இருக்காது. அறுத்துட்டு இரும்புல ஒண்ணு வெச்சிருப்பான் டாக்டர். அது மலை ஏறுமோ என்னவோ."

கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் அவன் என்னை எங்கேயாவது கூப்பிட்டது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். மறுக்கத் தோன்றவில்லை. ரொட்டிக்குள் வான்கோழிக் கறி வைத்துச் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஆப்பிள் நான்கு, ஒரு ஃபிளாஸ்க் காப்பி. அடிவாரத்தில் கார் நிறுத்த இடமே இல்லை. நியூ ஜெர்ஸி, மாசசூசெட்ஸ், எங்கெங்கிருந்தோ வந்த வண்டிகள். என் காலத்தில் அந்தப் பாதையில் வாரத்துக்கு ஒரு மனிதனைப் பார்த்தால் அதிகம். அந்த ஒருவன் பெரும்பாலும் க்ளேட்டனாகத்தான் இருப்பான்.

அதைச் சொல்ல வேண்டும். 1966 மே மாதம் நான் அந்தக் கோபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. முன்பு இருந்தவர் பாறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்ள, ஒரு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். நான்கு பருவம் இருந்துவிட்டேன். மே முதல் அக்டோபர் கடைசி வரை மேலேயே வாசம். பகல் முழுக்கக் காட்டைப் பார்க்க வேண்டும். புகை தெரிந்தால், மேசையில் பதித்த வட்ட வரைபடத்தை வைத்து எந்தத் திசை என்று அளந்து வனத்துறை ரேஞ்சருக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு கோபுரத்திலிருந்து திசைதான் தெரியும், தூரம் தெரியாது. பதினான்கு மைல் தள்ளி ஹேரோ மலைக் கோபுரத்தில் இருப்பவனும் அளந்து சொல்வான். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நெருப்பு.

மரத்துக்கு மரம் கட்டிய ஒற்றைக் கம்பிதான் எங்கள் எல்லாருக்கும் போன் லைன்; யாருக்கு அழைப்பு என்று தெரிய ஆளுக்கு ஒரு மணிக்கணக்கு உண்டு. அதைப் பார்த்துக்கொள்வதும், வாரம் ஒருமுறை எனக்கு மண்ணெண்ணெயும் மாவும் தபாலும் தூக்கி வருவதும் ரேஞ்சரின் உதவியாள் க்ளேட்டனின் வேலை. வருவான், மூட்டையை இறக்குவான், ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பான், போய்விடுவான். பேச்சே இருக்காது.

ஹேரோ மலையில் இருந்தவன் பெயர் ஓரின். மூன்று பருவம் அவனோடு பேசியிருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு ரேஞ்சருக்குக் கணக்கு ஒப்பித்த பிறகு லைன் சும்மாக் கிடக்கும். அப்போது என் மணி அடிக்கும். இரண்டு நீளம், ஒரு குட்டை. அவனுடைய மரப்படிகளை முள்ளம்பன்றி தின்றுகொண்டிருப்பதைச் சொல்வான். தான் சுட்ட ரொட்டியைப் பாறையில் போட்டால் பாறைதான் உடைகிறது என்பான். செப்டம்பர் வந்துவிட்டால் வேறு பேச்சே கிடையாது, நிறம்தான். "எனக்குக் கீழ இருக்கிற ஓடை இன்னிக்குச் செவந்துடுச்சு. உங்கிட்ட வந்துச்சா?" என்பான். "இன்னும் வரலை. பிர்ச் மட்டும் மஞ்சளாயிருக்கு" என்பேன். "நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்" என்பான். மறுநாள் விழித்தால் என் சரிவில் ஒரு மேப்பிள் மரம் உண்மையாகவே சிவந்திருக்கும்.

1969 அக்டோபரில் ஒரு ராத்திரிப் பேச்சை முடிக்கும்போது, "வெர்னா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நாளைக்குக் கேக்குறேன். இன்னிக்கு தைரியம் பத்தல" என்றான். விடிவதற்குள் ஈரப்பனி கொட்டியது. இலை உதிராத மரங்கள் பாரம் தாங்காமல் முறிந்து லைன் போயிற்று. பதினோரு நாள். மறுபடி லைன் வந்தபோது ஹேரோ மலையிலிருந்து பதில் இல்லை. அந்தக் கோபுரத்தை மூடிவிட்டார்கள், அவன் மேற்கே ஏதோ மர ஆலைக்குப் போய்விட்டான், விலாசம் தரவில்லை என்றார் ரேஞ்சர். அவன் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. நானும் தேடிப் போகவில்லை. என்ன கேட்க இருந்தான் என்றே தெரியாதபோது என்னவென்று போய் நிற்பது? அடுத்த வருடம் என் கோபுரத்தையும் மூடினார்கள். அதற்கடுத்த வருடம் க்ளேட்டனைக் கட்டிக்கொண்டேன். நல்லவன். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சாயங்காலம் ஏழு மணிக்கு எனக்குக் கை வேலை ஓடாது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு மைல் பாதையை ஏற எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. க்ளேட்டன் இரண்டு கைத்தடி ஊன்றி, பத்தடிக்கு ஒருமுறை நின்றான். "நீ போ, நான் வந்துருவேன்" என்பான். "எங்க போறது? நீ உருண்டா பிடிக்க ஆள் வேணாமா?" என்றேன். காலடியில் இலைகள் கணுக்கால் வரை. உச்சிப்பாறைக்கு வந்ததும் கோபுரம் தெரிந்தது. எழுபது அடி இரும்புக் கால்கள், மேலே நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. நான் இருந்தபோது இதற்கு வெள்ளிப்பூச்சு கிடையாது. இப்போது பளபளவென்று இருந்தது.

ஆறு அடுக்கு இரும்புப்படி. க்ளேட்டன் கைப்பிடியைப் பிடித்து நான்காவது தட்டு வரை வந்தான். அங்கே உட்கார்ந்துவிட்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"போதும். எறங்கிடலாம்" என்றேன்.

"நீ மேல போய்ட்டு வா வெர்னா. போ."

மேல் அறையில் பச்சைச் சட்டை போட்ட தொண்டர் ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரைவால் முடி, நாற்பது வயதிருக்கும். "இங்க இருந்தவங்க எல்லாம் தனிமையில பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுவாங்களாம். பேச ஒரு ஜீவன் கெடையாது" என்றார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் வடமேற்கு ஜன்னலுக்குப் போனேன்.

காடு முழுக்கப் பற்றி எரிவது போலிருந்தது. ஏரிகளைச் சுற்றி மஞ்சள், சரிவுகளில் ரத்தச் சிவப்பு, நடுநடுவே ஸ்ப்ரூஸ் மரங்களின் கரும்பச்சை. அதற்கெல்லாம் அப்பால் நீலமாக ஹேரோ மலை. அதன் தலையில் ஊசி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். மொட்டையாக இருந்தது.

"அந்த மலையில இருந்தது எங்கே?" என்று கேட்டேன்.

"ஹேரோவா? எழுபத்தெட்டுலயே பிரிச்சு பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்கம்மா. நாலு கால் பதிச்ச ஓட்டை மட்டும் பாறையில இருக்கு. உங்களுக்கு இந்தப் பக்கம் பழக்கமா?"

"கொஞ்சம்" என்றேன்.

அங்கே நின்றபோது ஒன்று உறைத்தது. அவன் சொன்ன சொற்கள் எனக்கு நினைவிருந்தன. குரல் இல்லை. கனமா, மெல்லியதா, மூக்கிலிருந்து வருமா, எதுவும் பிடிபடவில்லை. எப்போது போயிற்று என்றும் தெரியவில்லை. அழுகை வந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கி வந்தபோது க்ளேட்டன் அதே தட்டில் உட்கார்ந்திருந்தான். தடிகள் இரண்டும் மடியில். என் முகத்தைப் பார்த்தான்.

"எடுத்துட்டாங்களா?" என்றான்.

"எதை?"

"ஹேரோ கோபுரத்தை."

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெயரை நான் அவனிடம் எடுத்ததே இல்லை.

"வெர்னா, அந்த லைன் அறுந்த எடத்தை நான் மொத நாளே கண்டுபிடிச்சுட்டேன்."

"என்ன சொல்ற?"

"கல்லோடை பக்கத்துல ஒரு ஸ்ப்ரூஸ் மரம் கம்பி மேல விழுந்து கெடந்துச்சு. அரை மணி நேர வேலை. சதுப்புக்கு அந்தப் பக்கம் எங்கயோ அறுந்திருக்கு, தேடுறேன்னு ரேஞ்சர்கிட்ட சொல்லிட்டேன். பதினோரு நாள் தேடுற மாதிரி காட்டுக்குள்ள உக்காந்திருந்தேன்."

மேலிருந்து ஒரு குடும்பம் இறங்கிவந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. குழந்தையைத் தோளில் வைத்திருந்த அப்பா, "நீங்க எறங்குறீங்களா, இல்ல நாங்க தாண்டிப் போகட்டுமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் ஒரு படி பின்வாங்கினார்.

க்ளேட்டன் தலை நிமிரவில்லை. "லைனைச் சோதிச்சுப் பாக்குற போனை, அறுந்த கம்பியில அவன் மலைக்குப் போற முனையில மாட்டினேன். ஏழு மணிக்கு உன் மணி அடிச்சுது. ரெண்டு நீளம், ஒரு குட்டை. நான் பேசல. மறுநாளும் அடிச்சுது. மூணு நாள் அடிச்சான். அப்புறம் இல்ல."

"ஏன்?" என்றேன்.

"ஏன்னு உனக்குத் தெரியும்."

தெரியும்தான். வாரா வாரம் முப்பது கிலோ மூட்டையைச் சுமந்துவந்து, ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவன்.

"இப்ப எதுக்கு இதைச் சொல்ற? சாகறதுக்கு முன்னாடி உன் மனசு லேசாகணும், அதானே?"

"லேசாகல" என்றான். "ஒவ்வொரு அக்டோபர்லயும் நீ ஏழு மணிக்குக் கையைத் துடைச்சுட்டு ஜன்னல்கிட்ட போய் நிக்கிற. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

நான் அவனைத் தாண்டிப் படியிறங்கினேன். பாறையைக் கடந்து பாதையில் இறங்கி நடந்தேன், திரும்பிப் பார்க்காமல். பின்னால் தடிகள் கல்லில் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். காரைக் கிளப்பி நேரே போய்விடலாம். எங்கே என்று தெரியவில்லை. எழுபத்திரண்டு வயதில் கோபித்துக்கொண்டு போக ஒரு இடம் கூட இல்லை என்பதும் கோபமாக வந்தது. பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியை எடுத்தேன். ஒன்றைத் தின்றேன். இன்னொன்றையும் தின்றேன், அது அவனுடையது. அவன் வந்து சேர அரை மணி நேரமாயிற்று. முழங்கால் வீங்கிக் கால்சட்டையை இறுக்கியிருந்தது. நான் எழுந்து பத்தடி முன்னால் நடந்தேன், கீழே வரும்வரை அதே பத்தடி.

காரை நான்தான் ஓட்டினேன். அவன் பக்கத்து இருக்கையில் காலை நீட்டி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கிராமத்துத் தபால் நிலையம் தாண்டியதும் கேட்டேன்.

"அதுக்கு முன்னாடியும் கேட்டிருக்கியா? லைன்ல நாங்க பேசுறதை?"

"ரெண்டு பருவம்" என்றான். "மரத்துல ஏறி அந்தப் போனை மாட்டிட்டு உக்காந்து கேப்பேன். உன் குரலுக்காக."

"அவன் குரலும் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு."

"எப்படி இருக்கும்?"

க்ளேட்டன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சன்னமா இருக்கும். ஆம்பளைக்குக் கொஞ்சம் சன்னம்தான். சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்துவான், நீ மொதல்ல சிரிக்கிறியான்னு பாத்துட்டு. 'முள்ளம்பன்றி'ன்னு சொல்லும்போது 'ள்' வராது அவனுக்கு. 'முல்லம்பன்றி'ம்பான். நீ கேலி பண்ணுவ."

எனக்கு மறந்தே போயிருந்தது. அவன் சொன்னதும் அந்த ஒரு சொல் காதுக்குள் வந்து விழுந்தது, அந்தச் சன்னமான குரலிலேயே. ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தேன். எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சாலை கடந்து போயிற்று. அவன் அதைப் பார்த்தான்.

"இன்னும் சொல்லு."

சொன்னான். ரொட்டியை, ஓடையின் நிறத்தை, நான் பாதிப் பாட்டை மறந்து விழித்ததை, இடிமழை நாளில் இரண்டு பேரும் பேசாமல் வெறும் போனைப் பிடித்துக்கொண்டிருந்ததை. ஏரியைச் சுற்றி ஒருமுறை வந்துவிட்டோம். பெட்ரோல் முள் கீழே இறங்கியிருந்தது. அறுபத்தொன்பது அக்டோபருக்கு வந்தபோது அவன் குரல் தடுமாறி நின்றது.

நான் அவனை மன்னித்துவிடவில்லை. அது இனிமேல் நடக்குமா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் உலகத்தில் அந்தப் பேச்சைக் கேட்டிருந்த இன்னொரு ஆள் இவன் ஒருவன்தான்.

"அங்க வேணாம். ஆகஸ்டுக்குப் போ" என்றேன்.

"எந்த வருஷம்?"

"அறுபத்தெட்டு."

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.