ஃபன் டைவ்

காலை ஏழு பத்துக்குக் கரண்ட் வந்தது. குப்பம் முழுக்க ஒரே நேரத்தில் கத்தல் எழுந்தது. நோரா கத்தவில்லை. அயர்ன் பாக்ஸைச் செருகி, விரலில் எச்சில் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

எதிரில் அவள் கணவன் ஷெல்டன் நோட்டை மடியில் வைத்திருந்தான். புயல் கடந்த அன்று சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு, நோட்டு எல்லாம் ஊறிப்போயின. ஆல்பத்துப் படங்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாயிற்று. நோட்டின் தாள்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவன் கத்தி முனையை விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க, அவள் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். சாக்கடை நாற்றம் ஆவியாக எழுந்தது.

அது லாக் புக். ஸ்கூபா டைவ் போகிறவர்கள் வைத்திருப்பது. கடலில் ஒரு முறை இறங்கினால் ஒரு பக்கம். என்ன தேதி, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், சிலிண்டரில் எவ்வளவு காற்று செலவானது, கூட யார் போனது. பக்கத்தின் அடியில் இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். ஷெல்டன் பாலவாக்கத்தில் ஸ்கூபா கடை ஒன்றில் வேலை பார்த்தான். சிலிண்டர் தூக்குவது, உடுப்பு அலசுவது, வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாக மேலே கொண்டுவருவது.

பக்கத்து வீட்டு அம்மாசி வாசல் தண்ணீரைப் பலகையால் தள்ளிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அவர் வலைக்காரர்.

"இன்னா ஷெல்டா, கடலுக்கடில நனையாத நோட்டு கட்டிலுக்கடில நனஞ்சிட்ச்சா?"

"கடலுக்குள்ள யாரு மாமா நோட்ட எடுத்துகினு போவாங்க? படகுல வெச்சிட்டுத்தான் எறங்குவோம்."

"அப்ப கட்டிலயும் படகுல போட்டிருக்கணும்."

நோரா சிரித்துவிட்டாள். அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்து, காய்ந்த தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். சிரிப்பு நின்றது.

ஷெல்டன் பென்சிலில்தான் எழுதுவான். தண்ணீருக்கடியில் சிலேட்டில் எழுதிக் காட்டுவது பென்சிலால். மேலே வந்தாலும் கையில் அதே பென்சில்தான் இருக்கும். ஈரக் கைக்குப் பேனா ஒத்துவராது. பென்சில் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. 'ஆழம் 18. ஆள் 3. ஒருத்தர் பயந்தார். கையப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.' அதற்குக் கீழே ஜெல் பேனாவில் போட்ட கையெழுத்து இருந்த இடத்தில் நீலமாக ஒரு திட்டு. முத்திரை கரைந்து அடுத்த பக்கத்துக்கு ஏறியிருந்தது. எல்லாப் பக்கமும் அப்படித்தான்.

"நீ எழுதினது அப்படியே கீது. அவரு போட்டதுதான் ஒண்ணுமே இல்ல" என்றாள் நோரா.

"நான் எழுதினத யாரு கேட்டா?"

திங்கட்கிழமை பெருங்குடியில் இன்டர்வியூ. கடலிலிருந்து தண்ணீர் இழுக்கும் குழாய்களை அடியில் போய்ச் சோதித்துப் பழுது பார்க்கிற கம்பெனி. மாதச் சம்பளம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் உண்டு. பாலவாக்கத்தில் ஐப்பசி பிறந்தால் படகு இறங்காது. தை முடிகிறவரை ஷெல்டன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்வான். போன மழையில் மத்திய கைலாஷ் சிக்னலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. கடலில் அவன் ஒரு முறையும் விழுந்ததில்லை என்று நோரா அப்போது சொன்னாள்.

கம்பெனிக்குப் போன் செய்தான். வர்ஷினி என்ற பெண் பேசினாள். குறைந்தது நூறு டைவ், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து தெரிய வேண்டும் என்றாள். நனைந்துவிட்டது என்றான். "பரவாயில்ல சார், புது புக்ல எழுதி, அதே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட மறுபடி கையெழுத்து வாங்கிடுங்க. சிம்பிள்."

பாலவாக்கத்தில் கடையின் பின்பக்கத் தட்டி போயிருந்தது. அலை உள்ளே வந்து மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. சிலிண்டர்கள் கழுத்துவரை புதைந்து நின்றன. முதலாளி சித்தார்த்தன் அரைக்கால் சட்டையோடு மண்வெட்டி பிடித்திருந்தார். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கடல் பைத்தியத்தில் இந்தக் கடையைப் போட்டவர். ஷெல்டனுக்கு டைவிங் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

ஷெல்டன் இன்னொரு மண்வெட்டியை எடுத்தான். கடைசிச் சிலிண்டரைத் தூக்கி நிறுத்திய பிறகுதான் இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். சித்தார்த்தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினார்.

"லாக் புக் போச்சு சார்."

"ஐயோ. மொத்தமுமா?"

"நான் எழுதினது கீது. உங்க கையெழுத்துதான் போச்சு. திங்கக்கெழம இன்டர்வியூ. புதுசுல போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"அதுக்கா இப்படி மூஞ்சிய வெச்சிருக்கே? போட்டுட்டாப் போச்சு." எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியிலிருந்து புது லாக் புக் ஒன்றை எடுத்து வந்தார். அட்டையில் பவழப்பாறைப் படம். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தார். "காசெல்லாம் எடுக்காதே."

பழைய நோட்டை வாங்கி மடியில் விரித்தார். அயர்ன் சூட்டில் தாள்கள் அப்பளம் மாதிரி மொடமொடத்தன. இரண்டு பக்கம் திருப்பினார். மூன்றாவது பக்கத்தில் கை நின்றது. பிறகு மெதுவாகத் திருப்பினார்.

"ஷெல்டன், இது ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு. ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக உனக்கு கைடு கார்டு வந்தது போன மாசம், படகு நின்னப்புறம்தானே?"

"ஆமா சார்."

"ஆள் மூணு, ஆள் நாலுன்னு எழுதியிருக்கே. கூட்டிட்டுப் போனேன்னு எழுதியிருக்கே."

"நான்தான சார் கூட்டினு போனேன்."

"அதை யார்டா இல்லேங்கறா? ஆனா இன்சூரன்ஸ் பேப்பர்ல அந்த நாள் எல்லாத்துலயும் நான்தான் தண்ணிக்குள்ள இருக்கேன். கார்டு இல்லாதவன் கூட்டிட்டுப் போனான்னு நானே எழுதிக் குடுக்க முடியுமா?"

"முன்னாடி போட்டீங்களே சார்."

"தண்ணிலேர்ந்து ஏறினதும் நீட்டுவே. போடுவேன். அதைப் போய் யார் படிச்சா?"

ஷெல்டன் டீ டம்ளரில் விழுந்த மணலை விரலால் எடுத்தான்.

"அந்தக் கம்பெனிலேர்ந்து எவனாவது செக் பண்ணப் போன் பண்ணுவான். அப்புறம் கடை இருக்காது. ஆறு பேர் சாப்பாடு இதுல இருக்கு. உன்னைப் போக வேண்டாம்னு சொல்லலடா. நீ போகணும். என்னால உனக்கு இதுக்கு மேல என்ன பண்ணிட முடியும்?"

"அப்ப போட மாட்டீங்களா?"

"போடாம இருப்பேனா? நீ இறங்கினது உண்மை, ஆழம் உண்மை, நேரம் உண்மை." புது லாக் புக்கைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று கட்டங்கள் இருந்தன. பயிற்சி, வேலை, ஃபன் டைவ். காசு கட்டி மீன் பார்க்க வருகிறவர்களுக்கு மூன்றாவது கட்டம். "ஃபன் டைவ்னு போட்டுடலாம். நான் போனேன், நீ என்கூட வந்தே. ஃப்ரெண்டு மாதிரி."

"ஃப்ரெண்டு மாதிரி" என்றான் ஷெல்டன்.

"நாம அப்படித்தானேடா இருந்தோம்?"

"ஆமா சார்."

சித்தார்த்தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஜெல்லு வேணாம் சார். பால் பென்ல போடுங்க."

அவர் சிரித்தார். பேனாவை மாற்றிக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். ஷெல்டன் ஊதி ஈரம் காய வைத்துப் பக்கத்தைத் திருப்பினான். பாதியில் அவர் கையை உதறிக்கொண்டபோது முத்திரையை அவனே வாங்கிக் குத்தினான். பழைய நோட்டில் ஒரு பக்கத்தைச் சித்தார்த்தன் தட்டிக் காட்டினார். 'இடது காதில் ரத்தம். மறுநாளும் இறங்கினேன்.'

"இதை எழுதாதே. மெடிக்கல்ல உனக்குத்தான் கஷ்டம்."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நோரா புடவைகூட மாற்றாமல் பாயை விரித்தாள். அவள் நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறவள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஷெல்டன் பழையதைப் பார்த்துச் சொன்னான். அவள் புதியதில் பால் பாயிண்டால் எழுதினாள். தேதி, ஆழம், நேரம், காற்று எல்லாம் ஓடின. 'கூட வந்தவர்' என்ற இடத்தில் சித்தார்த்தன் என்று மட்டும் எழுதினாள். ஆள் மூன்று, ஆள் நாலு எதுவும் ஏறவில்லை.

"கீழ இவ்ளோ எடம் காலியா கீதே. ஃபன் டைவ் போறவங்க இங்க இன்னா எழுதுவாங்க?"

"மீன் பேரு எழுதுவாங்க. சூப்பர்னு போடுவாங்க. சிரிக்கிற மூஞ்சி வரைவாங்க."

"மூஞ்சி நான் நல்லா போடுவேன். எங்க புள்ளைங்களுக்கு டெய்லி போடறேன்."

கோலா மீன், சூப்பர். கிளி மீன், சூப்பர். சில பக்கங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். பிறகு நோரா பழைய நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். வாய்க்குள்ளேயே படித்தாள். 'அந்தம்மா பயத்தில் காற்றுக் குழாயை வாயிலிருந்து பிடுங்கிவிட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். அதை விடவேயில்லை. மாற்றுக் குழாயில் நான் மூச்சு விட்டு மேலே கொண்டுவந்தேன்.'

"இத நீ எங்கிட்ட சொல்லவேயில்ல."

"சொன்னா மறுநாள் அனுப்பியிருப்பியா?"

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "இப்ப இதுக்கு இன்னா எழுதறது?"

அவன் யோசித்தான். "ஆமைன்னு எழுது."

"பாத்தியா?"

"அன்னிக்கு எங்க பாத்தேன். அந்தம்மா மூஞ்சத்தான் பாத்துகினு இருந்தேன்."

நோரா 'ஆமை பார்த்தோம்' என்று எழுதினாள். சிரிக்கிற மூஞ்சி போடவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

எழுதி முடித்ததும் விரல்களை நீட்டி மடக்கினாள். "அங்க கேட்டாங்கன்னா வேலைதான் செஞ்சேன்னு சொல்லிடுய்யா."

"இன்னான்னு சொல்றது? கார்டு இல்லாம கூட்டினு போனேன்னா? அப்புறம் என்னியும் எடுக்க மாட்டாங்க, அவரு கடையும் போயிடும்."

அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள்.

பெருங்குடி ஆபீஸ் எட்டாவது மாடியில் இருந்தது. ஜன்னல் வழியாகக் குப்பைமேட்டுக்கு மேல் பருந்துகள் சுற்றுவது தெரிந்தது. ஷெல்டன் கல்யாணச் சட்டையை இன் செய்து போயிருந்தான். வர்ஷினி போனில் தோன்றியதைவிடச் சின்னப் பெண். தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். கைடு கார்டைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

"டெக்னிக்கல் சார் வர்றதுக்குள்ள நான் பேப்பர்ஸ் முடிச்சிடறேன்."

லாக் புக்கைத் திறந்தவள் கையெழுத்துகளைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, "பக்காவா இருக்கு சார்" என்றாள். பிறகு தன்னையறியாமல் கீழே எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தாள்.

"கிளி மீனா! போட்டோலதான் பார்த்திருக்கேன். நானும் ஒரு தடவை டைவ் போனேன் சார், அந்தமான்ல. காலேஜ் டூர். அம்மா ஒரு வாரம் திட்டினாங்க, அவ்ளோ காசு."

ஷெல்டன் சிரித்தான். அவள் தன் முன்னால் இருந்த தாளில் 'மொத்த டைவ்' என்ற இடத்தை நிரப்பினாள். 'வேலை அனுபவம்' என்ற இடத்துக்கு வந்தாள். மறுபடியும் லாக் புக்கின் முதல் பக்கத்திலிருந்து கட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம்வரை போனாள். அந்த இடத்தில் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஒரு கோடு போட்டாள்.

பேனாவை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இத்தனை வருஷம் இவ்ளோ ஃபன் டைவ் போயிருக்கீங்கன்னா, வீட்ல நல்ல வசதியோ?"