சொந்த விருப்பத்தின் பேரில்

"கையெழுத்தப் போட்டுட்டுத் தேத்தண்ணியக் குடி," என்றார் லோரன்ஸ்.

பாலம்மா கோப்பையைத் தொடவில்லை. கதிரை நுனியில் உட்கார்ந்து, அவர் வீட்டு மேசையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில், விடுதிச் சாப்பாட்டு மேசையை விட்டுப் பின் விறாந்தையில் தனியாகச் சாப்பிடச் சம்மதிக்கிறேன்.'

கண்டியிலிருந்த அந்த மிஷன் ஆசிரியர் கலாசாலைக்கு லோரன்ஸ்தான் டீன். விடுதி, ஒழுங்கு, மாணவர்களின் நல்லது கெட்டது எல்லாம் அவர் பொறுப்பு. போன வருடம், 1933இல், நாவலப்பிட்டித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, "எங்க கலாசாலையில எல்லாருக்கும் ஒரே மேசைதான். புள்ளைங்கள நம்பி அனுப்புங்க," என்று பேசினார். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வந்த சனம் கைதட்டியது. பாலம்மா நம்பி வந்தாள்.

இப்போது டவுன் பெரிய மனிதர்கள் நாலு பேர், தோட்டத்துச் சாதிப் பெண்ணோடு எங்கள் பெண்கள் ஒரே மேசையில் சாப்பிடுவதா என்று கடிதம் எழுதிவிட்டார்கள். டீனுக்குக் கை கால் ஓடவில்லை. கட்டளை போட்டால் கலாசாலையின் பெயர் கெடும். அவளே விரும்பினாள் என்றால் யாருக்கும் பாவமில்லை. என்ன சாமர்த்தியம்!

"போடாட்டி, ஐயா?"

"ஒழுங்க மீறினன்னு எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். அப்புறம் டீச்சராக முடியாது."

வாசற்படியில் நின்ற டீனின் மனைவி டொரதிக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் புள்ள என்னங்க தப்புப் பண்ணிச்சு?"

"ஒனக்குத் தோட்டத்து ஆக்களப் பத்தி என்ன தெரியும்? சும்மா இரு."

தோட்டத்து ஆக்கள்! பாலம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. ரயிலேற்றிவிட்டபோது அம்மா ராக்கம்மா காதோடு சொன்னது நினைவுக்கு வந்தது. "அந்த டீனு நம்ம லயத்துப் பழனியாண்டிதான். தாயில்லாப் புள்ளைக்கு நான்தான் சோறு ஊட்டுனேன். கிறிஸ்தவ வேதத்துக்குப் போயி பேர மாத்திக்கிட்டாரு. அங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. அவரு மரியாத கெட்டுப்போகும்." ஆறு மாதமாகப் பாலம்மா மூச்சு விடவில்லை. டொரதி நம்பியிருந்ததோ, தன் கணவர் கம்பளையில் ஒரு கிளாக்கர் வீட்டுப் பிள்ளை என்று.

பாலம்மா பேனாவை எடுத்தாள். இரண்டு சொற்களை அடித்து, மேலே நிதானமாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

"நான் ஊருக்குப் போறேன் அம்மா," என்று டொரதியிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

லோரன்ஸ் கை நீட்டுவதற்குள் டொரதி தாளை எடுத்துவிட்டாள். வாய்விட்டே வாசித்தாள்.

"'என் தாயார் ராக்கம்மா சோறு ஊட்டி வளர்த்த, எங்கள் லயத்துப் பழனியாண்டி மாமாவாகிய டீன் அவர்களின் விருப்பத்தின் பேரில்...'"

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். டீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாலம்மா தொடாத தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள் டொரதி.

"பின் விறாந்தையில போய்க் குடிங்க," என்றாள்.