நீதிபதியின் வாயோரம்

...இல்லை, இது அழுகை இல்லவே இல்லை, அருங்காட்சியகப் பட்டியல்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியை இன்னும் தாழ்த்திப் பிடித்தார், இன்று காலை நன்கொடையாக வந்த அச்சுப் படத்தில் கிழட்டு நீதிபதியின் வாயோரம் மயிரிழை போல மூன்று கோடுகள், கூடத்துச் சுவரில் பத்தொன்பது வருடமாகத் தொங்குகிற அச்சில் அவை இல்லை, இரண்டும் ஒரே செம்புத் தகட்டில் எடுத்தவை, அப்படியானால் அச்சடித்து அச்சடித்துத் தகடு தேய்ந்து சிரிப்பு போய்விட்டது, மிச்சம் நின்றதற்குச் சோகம் என்று பேர் வைத்தது யார்? இவரேதான், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டுக்குள் முப்பது படத்துக்குக் குறிப்பு எழுதி முடிக்கிற அவசரத்தில், 'ஆழ்ந்த துயரம்' என்று இரண்டே சொல், அதை நம்பி இயக்குநர் இருநூற்றுப் பத்துப் பக்கப் புத்தகம் எழுதி, இன்று நாலு மணிக்கு அதற்கு வெளியீட்டு விழா, மைக், மாலை, தலைமையுரை...

படங்களுக்கு மரச்சட்டம் போடுகிற அக்கா வேறு, "இவரா சார் சோகமா இருக்காரு? சபையில யாரோ வழுக்கி விழுந்திருக்காங்க, இவரு சிரிப்ப அடக்கிட்டு நிக்கிறாரு. எங்கப்பா செத்தப்ப எங்க வீட்டுக்காரர் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு" என்றாள், அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, நன்கொடை ஏன் இன்றைக்குப் பார்த்து வர வேண்டும், புத்தகத்தின் முன்னுரையில் இயக்குநர் இவருக்கு மட்டும் தனியாக நன்றி சொன்னாரே, அது நன்றிதானா, இல்லை நாளைக்கு வெட்ட ஒரு கழுத்தை இன்றைக்கே அளந்து வைத்ததா? சொன்னால் இன்றைக்கு வேலை போகும், சொல்லாவிட்டால் எவனாவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அன்றைக்குப் போகும்...

"என்னய்யா, புது அச்சாமே, வித்தியாசம் ஒண்ணும் இல்லையே?" இயக்குநர் பட்டுத் துண்டோடு நுழைந்தார். அதே தகடுதான் சார், என்றார் இவர், பொய்யில்லை, அதுதான் அதன் அழகு. இயக்குநர் குனிந்தார், படத்தைப் பார்க்கவில்லை, படத்தின் மேலிருந்த கண்ணாடியில் தெரிந்த தன் தலைமுடியைச் சரிசெய்தபடி, "இந்த உதட்டுல ஒரு நூற்றாண்டே அழுவுதுய்யா, இப்படித்தான் ஆரம்பிக்கப்போறேன்" என்றார், இவர் பல்லைக் கடித்துக்கொண்டார், தரையைப் பார்த்தார், இன்னும் ஒரு வார்த்தை வந்தால் போச்சு, இந்த மனுஷனுக்குத் தெரியுமா தெரியாதா, சோதித்துப் பார்க்கிறாரா... இயக்குநர் வாசல் வரை போனவர் திரும்பி நின்று இவர் முகத்தையே பார்த்தார், "ஏன்யா இவ்ளோ துக்கமா இருக்கீங்க, வீட்ல எதாவது பிரச்சினையா?" என்றார், கேலியா அக்கறையா பிடிபடவில்லை. தான் அடக்கிக்கொண்டிருப்பது சிரிப்பு என்றுதான் அந்த நொடிவரை இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.