ஐந்தாம் குழி

துரைமார் அடித்துத் தொலைக்கும் பந்தில் காசு இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவன் செல்லையா. பக்கத்து வீட்டுக்காரன், வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ரப்பர் தோட்டம் புக்கிட் ரோத்தானுக்கு வடக்கே இருந்தது. பால் பதனிடும் ஸ்டோருக்குப் பின்னால் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு துரைமார் தங்களுக்கென்று ஒரு கோல்ஃப் திடல் போட்டிருந்தார்கள். பெரிய திடல் இல்லை, ஆறு குழிதான். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி, பாய் விரித்த மாதிரி வைத்திருப்பார்கள். அதை நாங்கள் களம் என்போம்.

வெட்டிய ரப்பர் பாலை நிறுவையில் கொடுத்துவிட்டு மத்தியானம் சும்மா கிடக்கிற நேரத்தில் துரைமாரின் தடிப் பை தூக்கப் போனேன். பை தூக்கினால் ஒரு கூலி. கால்வாயில் விழுந்த பந்தைத் தடவி எடுத்துக் கழுவிக் கொடுத்தால் அதற்குத் தனிக் காசு.

"தொரை அடிச்ச பந்த தொரைகிட்டயே விக்கிற. நீ பொழச்சுக்குவ மச்சான்," என்பான் செல்லையா.

"நீயுந்தான விக்கிற?"

"நான் விக்கிறேன். ஆனா ஒன்ன மாதிரி கழுவிப் பொட்டு வச்சு விக்கல லா."

கொஞ்ச நாளில் நாங்கள் குடியிருந்த லயம் முழுக்க அந்த ஆட்டம் தொற்றிக்கொண்டது. காப்பிக் கம்பை வளைத்துத் தடியாக்கி, ரப்பர் கொட்டையைப் பந்தாக்கி, வாசலில் ஆளாளுக்கு அடித்தார்கள். என் மனைவி தாயம்மாவின் தண்ணீர்ப் பானை அதில்தான் உடைந்தது. அடித்தவன் நான்தான் என்பதால் அவளால் யாரையும் திட்ட முடியவில்லை, என்னைத் தவிர.

இதெல்லாம் விளையாட்டுக்காகச் செய்ததாக நினைக்கக் கூடாது. எனக்கு ஒன்பதாம் நம்பர் காட்டிலிருந்து தப்பிக்க வேண்டியிருந்தது.

அவசரகாலம் அது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. விடிந்தால் கேட்டைத் திறப்பார்கள், பொழுது சாய்வதற்குள் அடைப்பார்கள். ஒன்பதாம் நம்பர் வெட்டுக்காடு தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. கடைசி வரிசை மரத்துக்கு அப்பால் சதுப்புக் காடு, காட்டுக்குள் வெள்ளைக்கார அரசை எதிர்க்கும் கம்யூனிஸ்டுத் துப்பாக்கிக்காரர்கள். எனக்கு முன்னால் அந்த வரிசையில் பால் வெட்டிய உடையப்பன் ஒரு நாள் நிறுவைக்கு வரவில்லை. தேடிப் போனபோது மரத்தோடு கட்டப்பட்டுப் பிணமாகக் கிடந்தான். போலீசுக்குத் தகவல் சொன்னான் என்று காட்டுக்காரர்கள் செய்த வேலை. சொன்னானோ இல்லையோ, யாருக்குத் தெரியும். அடுத்த வாரம், வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் அந்த வரிசையை எனக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு காது போதவில்லை. கத்தியை மரத்தில் வைப்பேன், சருகு சத்தம் கேட்கும், திரும்பிப் பார்ப்பேன். கோடு கோணலாகப் போகும். மரத்தைக் காயப்படுத்தினேன் என்று மண்டோர் ஏசுவார். வீட்டுக்கு வந்தாலும் கால் ஓரிடத்தில் நிற்காது.

திடலில் நிரந்தரமாக ஒரு ஆள் வைக்கப் போகிறார்கள் என்று ஆபீசில் கணக்கெழுதும் காப்ரியல் கிராணி சொன்னதும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பனியைத் தட்டி, புழு தள்ளிய மண்ணைக் கூட்டி, புல் வெட்டி, குழியைச் செப்பனிடும் வேலை. மாதச் சம்பளம். பால் வெட்ட வேண்டாம். சின்னத்துரை தினமும் ஆடுகிறவர். பெரிய துரைக்கு ஞாயிற்றுக்கிழமை போதும், இவருக்கு ஒரு நாள் தவறக் கூடாது. அவருக்கும் ராத்தூக்கம் கிடையாது என்று பங்களா சமையல்காரர் சொல்வார். கேட் அடைக்கும் நேரம் வரை தடியைச் சுழற்றினால்தான் அவருக்குக் கை நடுக்கம் நிற்கும்.

நான் அவர் பையை விடாமல் தூக்கினேன். சொல்லாமலே களங்களைக் கூட்டினேன். ஒரு நாள் அவர் ஐந்தாம் களத்தில் குனிந்து, புல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"முருகையா, நீ செஞ்சுது?"

"ஆமாங்க தொரே."

"நல்லா இருக்கு. திங்கக்கெழமை நீ இங்க வேலை. பால் வெட்டு வேணாம். கிராணிகிட்ட நான் சொல்றான்."

தாயம்மாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை, பயந்தாள். "ஏங்க, முனிக்கு நேந்துக்கிட்டேன். ஓரக் காட்டுலேருந்து ஒங்கள எடுத்துட்டா சோறு, கருவாடு, சுருட்டு வக்கிறேன்னு."

"சுருட்டு வச்சுக்கலாம். சோறு எப்படி?"

முனியாண்டிக் கல் கம்பிக்கு வெளியே இருந்தது. ஐந்தாம் களத்துக்குப் பின்னால், கால்வாய்க் கரையில் ஒரு ஜெலுத்தோங் மரத்தடி. சோற்றை வெளியே கொண்டுபோவதுதான் அப்போது பெரிய குற்றம். காட்டுக்காரர்களுக்கு அது போய்ச் சேரும் என்று கேட்டில் வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்வார்கள். ஒரு பிடி பருக்கைக்கு ஆளைப் பிடித்து அடைத்துவிடுவார்கள்.

"நேந்தத நிறுத்துனா வேல நெலைக்குமா?" என்றாள். "முனி கடனத் தள்ளிப்போடுற சாமியா?"

கேட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் அவர்கள் தொட மாட்டார்கள், சின்னத்துரையின் பையை. தடிகளைத் துடைத்து எண்ணெய் போட அதை நான் லயத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். திங்கட்கிழமை காலை, பந்து வைக்கும் பக்கப் பையில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. காவல்காரர் என் மடியைத் தடவினார், சட்டைப் பையைத் தடவினார், துரையின் பையைப் பார்த்துத் தலையை ஆட்டி வழிவிட்டார். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

கல்லுக்கு முன்னால் இலையை விரித்துச் சோற்றைக் குவித்து, கருவாட்டை வைத்து, சுருட்டைப் பற்றவைத்து நட்டேன். கும்பிட்டேன். திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனேன். அன்று முழுக்க என் காது என் சொற்படி கேட்டது. துரையின் பந்து போகும் திசையைப் பார்த்தபடி வெயிலில் நின்றபோது, இப்படியே கிழவனாகிவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் இலையை எடுத்து எறியப் போனேன். அணில், குரங்கு, எறும்பு எது தின்றிருந்தாலும் இலை கிழிந்து கிடக்கும். இலை கிழியவில்லை. ஒரு பருக்கை இல்லை. கருவாட்டு முள் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. இலையின் மேல் பாதியைத் தன் பக்கமாக மடித்து, அழகாக மூடி வைத்திருந்தது.

பந்தியில் உட்கார்ந்து வளர்ந்த கைதான் அப்படி மடிக்கும். எத்தனை நாள் பசி என்றாலும் தின்று முடித்ததும் கை தானாக மடிக்கும். எங்கள் லயத்திலிருந்து காட்டுக்குப் போனவன் ஒரே ஒருத்தன், காளியண்ணன். தொழிற்சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தவன், போலீஸ் தேடி வந்த அன்று மறைந்தவன். என் கல்யாணத்தில் இலை போட்டவன்.

இலையைச் சுருட்டிக் கால்வாயில் அமிழ்த்திவிட்டுக் களத்தில் வந்து நின்றேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் லாலாங் புல் ஆள் உயரம். அதில் படுத்தால், ஐந்தாம் குழிக்குக் குனிகிற துரையின் முதுகு, சுடுவதற்கு நட்டுவைத்த தென்னை மட்டை மாதிரி தெரியும். ஒன்பதாம் நம்பரை விட்டு வந்தேன் என்று நினைத்தேன். அது எனக்குப் பின்னாலேயே வந்து நின்றது. சாயங்காலம் பக்கத்துத் தோட்டத் துரையும் ஆட வருவதாக இருந்தது. சொல்லலாம் என்றால் சோறு எப்படி வந்தது என்று முதல் கேள்வி. சொல்லாமல் இருந்து இங்கே ஒரு துரை விழுந்தால் லயத்தையே லோரியில் ஏற்றிச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஸ்டோரிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தேன். நானே வளர்த்த புல். குழியைச் சுற்றித் தாறுமாறாகக் கொத்தினேன், கொத்திய இடத்தைக் காலால் கிளறினேன், மண்ணைக் கையால் வாரி இறைத்தேன். காட்டுப் பன்றி கிழங்குக்குத் தோண்டிய இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முடிந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை.

காலையிலேயே சின்னத்துரை வந்தார்.

"பன்னியா?"

"பன்னிதாங்க தொரே. கால்வா தாண்டி வந்திருக்கு. புல்லு பிடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வேணாங்க. நாலாவது குழியோட திரும்பிக்கலாம்."

"எவ்ளோ நாள்?"

"ரெண்டு மூணு மாசம் ஆகுங்க."

நாலு குழியோடு திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மூச்சு வந்தது. அது மத்தியானம் வரைக்கும்தான்.

மத்தியானம் காப்ரியல் கிராணி சைக்கிளில் லயத்துக்கு வந்து கூப்பிட்டுச் சொன்னார்: "ஏய்யா முருகையா, ஒனக்கு நல்ல காலம். தொரை விட மாட்டேன்னுட்டாரு. சாயங்காலம் துப்பாக்கியோட ரெண்டு காவக்காரங்க முனி மரத்தடியில ஒக்காருறாங்க. என்ன அசைஞ்சாலும் சுடச் சொல்லிட்டாரு. பன்னிய லயத்துக்கே குடுக்கச் சொல்லிட்டாரு."

லயம் துள்ளியது. அரிசி அளந்து கொடுக்கிற காலத்தில் கறியைக் கண்டு எவ்வளவு நாளாயிற்று. செல்லையா மிளகாய் அரைக்கச் சொல்லி வீடு வீடாகப் போனான். "தொடச் சப்ப எனக்கு. கண்டுபிடிச்ச மச்சானுக்கு வாலு," என்று கத்தினான். அம்மிச் சத்தம் வரிசையாகக் கேட்டது. எங்கள் வீட்டு அம்மி மட்டும் சும்மா கிடந்தது.

தாயம்மாவிடம் இலையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஒரு தடவ சோறு கெடச்ச எடத்துக்கு காளியண்ணன் மறுபடி வராம இருப்பானா?"

"உடையப்பனக் கட்டுன கூட்டம், புள்ள."

"தெரியும். இவன் கட்டுனானா கயிறு எடுத்துக் குடுத்தானான்னு நீங்க பாத்தீங்களா? எனக்கும் தெரியாது." குரல் இறங்கியது. "நான் வச்ச சோறுங்க. சோத்தக் காட்டிக் கூப்புட்டுச் சுட்டதா ஆயிடும்."

"நான் போய்ச் சொன்னா வேல போயிடும்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். வெளியே செல்லையா யாரிடமோ சீரகம் கேட்டுக்கொண்டிருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன். போகிற வழியெல்லாம் ஒரு காரணத்தைத் தேடினேன். சோறும் இல்லாமல், ஆளும் இல்லாமல், ஒரு காரணம். அப்படிப்பட்ட காரணம் ஒன்றுதான் இருந்தது.

சின்னத்துரை வராந்தாவில் காவல்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். துப்பாக்கிகள் சுவரில் சாய்ந்திருந்தன. காப்ரியல் கிராணி பக்கத்தில் நின்றார்.

"தொரே, பன்னி இல்லீங்க. நான்தான் வெட்டுனேன்."

"என்ன?"

"புல்லு பிடிக்க நாளாகும். அது வரைக்கும் வேல என்னை விட்டுப் போவாதுன்னு வெட்டுனேன்."

துரை கிராணியைப் பார்த்தார், தனக்குத் தமிழ் சரியாகப் புரிந்ததா என்கிற மாதிரி. கிராணி இங்கிலீசில் சொன்னார். துரை என்னைக் கூட்டிக்கொண்டு ஐந்தாம் களத்துக்கே நடந்தார். கிராணி பின்னால் ஓடி வந்தார். துரை குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தார். அதில் மண்வெட்டி இறங்கிய பக்கம் கத்தியால் அறுத்த வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. என்னை ஏசுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது.

"நான் உன்ன நம்பினான்," என்றார். "நாளைக்கு நீ ஒம்போது நம்பர் போ."

கட்டியைப் போட்டுவிட்டு நடந்தார். காவல்காரர்களைப் போகச் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

"புத்தி கெட்டுப்போச்சாய்யா ஒனக்கு?" என்றார் கிராணி. "கெடச்ச வேலைய எவனாச்சும் கொத்தி வைப்பானா? செத்துக்கித்துப் போனா பொண்டாட்டிக்கு யாரு?"

"தெரியலைங்கய்யா," என்றேன். அது மட்டும் உண்மை.

லயத்தில் அன்று அரைத்த மசாலா வீணாய்ப் போனது. கத்தரிக்காயில் போட்டுத் தின்றார்கள். செல்லையா எங்கள் வாசலுக்கு வந்தான். "ஊரே நாக்கத் தொங்கப் போட்டு ஒக்காந்திருந்துச்சு. நீ ஒரு மனுசனா? பாவி, பொய்ப் பன்னிக்கு எம்புட்டு மொளகா!" திட்டிவிட்டுப் போனவன் பாதி வழியில் நின்றான். "பை தூக்குற வேலைக்கு நாளைக்கு என்னக் கூப்புட்டிருக்காங்க மச்சான். கோவிச்சுக்காத," என்றான். கோபம் எனக்கு இல்லை. ஐந்தாம் களத்துப் பக்கம் துரையை விடாதே, புல் பிடிக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அதை ஒரு தொழில் யோசனையாக அவன் எடுத்துக்கொண்டான்.

தாயம்மா அன்று ராத்திரி என் பால் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டினாள். வழக்கமாக நான் செய்கிற வேலை.

விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டார். "முருகையா, ஒம்போது." யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பெண்கள் வரிசை. தாயம்மா லயத்தை ஒட்டிய இளங்கன்றுக் காட்டில் புல் வெட்டுகிறவள், கேட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவள் புல் கத்தியைக் கொண்டுவரவில்லை. பால் வாளியோடு நின்றாள்.

"தாயம்மா, மூணாம் நம்பர் புல்லுக்கு," என்றார் மண்டோர்.

"ஒம்போதுன்னு கூப்புடுங்க. அவருக்குக் கோப்பை தொடச்சுக் குடுத்து பால் எடுக்க ஆள் வேணும்."

"ஏம்மா, ஆம்பளைங்களே போவ யோசிக்கிற எடம்."

"அதான் போறேன். அவருக்கு ரெண்டு காது பத்தல."

மண்டோர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கூப்புடுங்க மண்டோரே. வெயில் ஏறுது," என்றாள்.