அக்கா இல்லாத பாலர் ஞாயிறு

அன்னபாக்கியம் அக்காவுக்கு விசர், பைத்தியம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன். என் வாய் அப்படி.

எங்கள் குடியேற்றத்து வேதக் கோயிலில் பிள்ளைகளின் ஞாயிறு பாடசாலையை நடத்தியவர் அவர். வட்டக்கச்சிப் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. கலியாணம் கட்டவில்லை, கட்டச் சொல்லிக் கேட்கிற தைரியமும் எவருக்கும் இல்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாய்க்கால் வரம்பால் விசுக்கு விசுக்கென்று நடந்து வருவார். அவருக்குக் கீழே நாங்கள் மூன்று பேர். பாட்டுப் பழக்கத் தவராசா. சின்னஞ்சிறுசுகளைப் பார்க்க நேசமலர். கதை சொல்ல இரஞ்சிதமாகிய நான். சனிக்கிழமை பின்னேரம் நான்கு பேரும் கூடி அடுத்த நாள் பாடத்தை ஆயத்தப்படுத்துவோம்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மேசையில் கைமணியைக் காணவில்லை. எடுத்து ஒளித்தவர் அக்காதான்.

"மணி இல்லாட்டி என்ன செய்வியள்?" என்று கேட்டார்.

"தேடுவம்," என்றான் தவராசா.

"தேடியும் கிடைக்காட்டி?"

அன்றைக்கு முடிவு செய்தோம், தவராசா மூன்று தரம் கை தட்டினால் பிள்ளைகள் பேச்சை நிறுத்த வேண்டும் என்று. அடுத்த கிழமை வேதப்புத்தகத்தைக் காணவில்லை. "புத்தகம் இல்லாட்டி?" கதை முழுவதையும் பாடமாக்க வைத்தார், எங்களையும் பிள்ளைகளையும். மூன்றாம் கிழமை அக்காவையே காணவில்லை. அரை மணித்தியாலம் பார்த்திருந்தோம். நேசமலர் அழும் நிலைக்கு வந்துவிட்டாள், நானும் தவராசாவும் சண்டை பிடித்தோம். கடைசியில் பின்பக்கத்துச் சமையல் குசினிக்குள் இருந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனுசி சேலைத் தலைப்பால் வேர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"என்னக்கா, உங்களுக்கு விசரே? நாளைக்கே சாகப்போறியளோ?" என்றேன்.

"சாகத் தேவையில்லை, பிள்ளை. ஒரு காய்ச்சல் போதும். நான் ரெண்டு கிழமை படுத்தால் இதை மூடிப்போடுவினம். மூடினால் பிறகு திறக்க விடாயினம்."

யார் விடமாட்டார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. கோயில் செயலாளர் ஐயாத்துரை. வாய்க்கால் தண்ணீரை யாருடைய வயலுக்கு எப்போது திறப்பது என்பதும் அவர் கையில்தான். கோயிலில் உட்காரும் வாங்குகளில் முன் வாங்குகள் அவருக்கும் அவருடைய சொந்தக்காரருக்கும். கதவோரத்துக் கடைசி வாங்கு எங்களுக்கு. குறைந்த சாதி என்று அவர்கள் முடிவு கட்டிய சனத்துக்கு. என் தகப்பன், அப்பு என்று நான் கூப்பிடுகிற ஏரம்பு, அவருடைய வயலில் கூலி வேலை செய்கிறவர், பன்னிரண்டு வருடமாக அந்தக் கடைசி வாங்கில்தான் இருந்தார். ஆனால் பிள்ளைகளின் பாயில் அந்தக் கணக்கு இல்லை. முதல் வருகிற பிள்ளை முன்னுக்கு, பிந்தி வருகிற பிள்ளை பின்னுக்கு. அக்கா போட்ட சட்டம் அது. ஐயாத்துரையின் தங்கச்சி மகனும் என் தம்பியும் முழங்கால் முட்ட இருந்து படித்தார்கள். அது அவருக்கு வயிற்றெரிச்சல். சம்பளமில்லாமல் உழைக்க வேறு ஆள் இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

அன்றைக்கே அக்கா ஒரு தாள் எடுத்து எழுதி அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினார். தான் இல்லாத நாளில் தலைமை தாங்க வேண்டிய ஒழுங்கு. ஒன்று, இரஞ்சிதம். இரண்டு, தவராசா. மூன்று, நேசமலர். முதல் ஆள் நிற்கும்போது இரண்டாம் ஆள் எழும்பக்கூடாது, இரண்டாம் ஆள் நிற்கும்போது மூன்றாம் ஆள் எழும்பக்கூடாது. மூன்று பேரையும் அதில் கையெழுத்துப் போட வைத்தார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்னை ஏன் முதல் போட்டனீங்கள்? தவராசாவைப் போடுங்கோ. சனம் கத்தும்."

"கத்தட்டும். கதை உனக்குத்தான் வரும். தவராசா சொன்னால் பிள்ளையள் நித்திரை."

"அது உண்மை," என்றான் தவராசா.

நேசமலரும் கையெழுத்துப் போட்டாள். அவள் ஐயாத்துரையின் ஒரே மகள். தகப்பன் செருமினாலே எழுந்து நிற்கிற பிள்ளை. இவளுடைய கையெழுத்து என்னத்துக்கு உதவும் என்று நான் மனதுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பிறகு ஆவணி மாதத்தில் பாலர் ஞாயிறு வந்தது. வருடத்தில் ஒரே ஒரு நாள், பெரியவர்களின் ஆராதனையைப் பிள்ளைகள் நடத்துவார்கள். பாடசாலையின் தலைமை ஆள் முன் மேசையில் நின்று எல்லாவற்றையும் கொண்டு போக வேண்டும், முழுச் சபையும் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்கு முதல் நாள் காலை அக்காவுக்கு வயிற்றுக்குள் குத்தத் தொடங்கி, நெல் லொறி ஒன்றில் படுக்க வைத்து யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

"தாள்," என்றார்.

இரவு அப்புவிடம் சொன்னேன், நாளைக்கு நான்தான் மேசையில் நிற்கப் போகிறேன் என்று. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய வேலை போகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை ஐயாத்துரை சால்வையும் தானுமாக வந்து மேசைக்குக் குறுக்கே நின்றார். சபை நிறைந்திருந்தது. பிள்ளைகள் பாயில் இருந்தார்கள்.

"எடி பிள்ளை, அங்காலை நில். இண்டைக்குத் தவராசா நடத்தட்டும்."

"தாளிலை முதல் பேர் என்ரை, ஐயா."

"தாளும் மட்டையும். தவராசா, வாரும் முன்னுக்கு."

தவராசாவின் வயல் வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிறது. ஐயாத்துரை மனம் வைக்காவிட்டால் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அவன் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். காது இரண்டும் சிவந்துபோயின.

"எனக்கு முதல் ஆள் நிக்கிறா, ஐயா. நான் எழும்பேலாது."

ஐயாத்துரை மகள் பக்கம் திரும்பி, "நேசம், நீ வா," என்றார், குசினிக்குள் தண்ணீர் கேட்கிற சாதாரணக் குரலில்.

இதோடு சரி என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையை இழுபறிப்படுத்தாமல் நானே விலகிவிடுவோமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நேசமலர் பாயில் ஒரு குழந்தையை மடியில் வைத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. தகப்பன் கூப்பிட்டு அவள் எழுந்திருக்காததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எனக்கு முன்னுக்கு ரெண்டு பேர் நிக்கினம், அப்பா," என்றாள். அது கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது.

ஐயாத்துரை மேசையில் இருந்த மணியை எடுத்தார். "மணியில்லாமல் நடத்துங்கோ பாப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவராசா மூன்று தரம் கை தட்டினான். பாயில் மூச்சுச் சத்தம் இல்லை. அவர் வேதப்புத்தகத்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தார். "இதிலை உன்ரை கை படக்கூடாது." படத் தேவையில்லை, ஐயா. ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட கதையை நான் நித்திரையில் எழுப்பினாலும் சொல்லுவேன். அந்த ஐயாயிரம் பேரும் புல்லில்தான் இருந்தார்கள். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை.

நான் தொடங்கினேன். இரண்டு வசனம் போயிருக்காது, அவர் சபையைப் பார்த்துக் கையைக் காட்டினார். "எழும்புங்கோ. இதைக் கேக்க இருக்கிற ஆக்கள் என்னோடை கதைக்கத் தேவையில்லை."

முன் வாங்கு எழுந்தது. அதற்குப் பின் வாங்கும் எழுந்தது. தாய்மார் பாயில் வந்து பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஐயாத்துரையும் வெளியே போய் வாசலில் நின்றார். மணி, புத்தகம், சனம், மூன்றும் அவரோடு போய்விட்டன. முப்பது பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் மிச்சம். நடுவில் எல்லாம் வெறும் வாங்குகள்.

சனம் இல்லாட்டி என்ன செய்வியள் என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு அடுத்த வசனம் வரவில்லை. நேசமலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நான் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன்.

கடைசி வாங்கில் அப்பு எழுந்தார். அவரும் போகப் போகிறார் என்று நினைத்தேன், கோபம்கூட வரவில்லை. அவர் வாசலுக்குப் போகவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு தரம் உதறினார். நடு வழியால் மெல்ல மெல்ல நடந்து வந்து, ஐயாத்துரை எழுந்துபோன முன் வாங்கில், அவர் இருந்த அதே இடத்தில் இருந்தார். கடைசி வாங்கில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்கள்.

வாசலில் ஐயாத்துரை மணியைப் பிடித்தபடி நின்றார். அசைந்தால் அது அடிக்கும், அதனால் அசையாமல் நின்றார்.

"முதலிலை இருந்து சொல்லு, பிள்ளை," என்றார் அப்பு. "பின்னுக்கு இருந்து எனக்கு இவ்வளவு காலமும் ஒண்டும் வடிவாக் கேக்கேல்லை."

நான் முதலில் இருந்து சொன்னேன்.