எதிர்க்கரை

ரூலோஃப் பிஸ்கட் டப்பாவை இரண்டாவது தடவை திறந்தான்.

நெதர்லாந்தின் ஸ்வோல்லே நகரத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் காபிக்கு ஒரு பிஸ்கட்தான். கொடுத்த கையோடு டப்பாவை மூடிவிடுவார்கள். கல்யாணமான இந்த முப்பத்தொரு வருடத்தில் ஆலீடாவுக்காக அந்த மூடி ஒரு நாளும் மறுபடி திறந்ததில்லை. இப்போது, கணவன் பாஸ்தியானை இழந்த பக்கத்து வீட்டு கொர்ரிக்காகத் திறக்கிறது.

"இன்னொண்ணு எடுத்துக்கோ கொர்ரி. பாஸ்தியான் போனப்புறம் நீ சரியாவே சாப்பிடுறதில்ல."

"வேணாம்ப்பா," என்று சொல்லிக்கொண்டே கொர்ரி எடுத்துக்கொண்டாள்.

மேசை முழுக்க ஜெர்மனியின் மோசெல் நதி வரைபடம் விரிந்து கிடந்தது. நேராக ஓடத் தெரியாத நதி அது. திரியரிலிருந்து கோப்லென்ஸ் வரைக்கும், எதையோ மறந்துவிட்டு வந்தவள் மாதிரி திரும்பித் திரும்பிப் போகும். அடுத்த மாதம் இரண்டு வாரம், கரையோரமாகவே, படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவனைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். வருடா வருடம் ரூலோஃபும் ஆலீடாவும் மட்டும் எங்காவது போவார்கள். இந்தத் தடவை கொர்ரியும் ஒரு சின்னக் கூடாரத்தோடு தன் காரில் வருகிறாள். கூப்பிட்டவன் ரூலோஃப். வேலிக்கு மேலாக அவளிடம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் உள்ளே வந்து ஆலீடாவிடம் கேட்டான்.

"இந்த வளைவு இருக்கே," என்று கொர்ரி விரலை வைத்தாள். "சாயங்கால வெயில் எதிர்மலைத் திராட்சைத் தோட்டத்துல விழும் பாரு, அப்படியே உக்காந்துடலாம். பாஸ்தியானும் நானும் ரெண்டு தடவை போயிருக்கோம்."

"அட, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றான் ரூலோஃப்.

"நீ சொல்ல வரல," என்றாள் ஆலீடா. "போன வருஷம் நான் இதே இடத்தைக் காட்டினப்போ, ரோடு குறுகல், கேரவன் திரும்பாதுன்னு சொன்ன."

"அப்படியா சொன்னேன்?"

"அப்படியேதான் சொன்ன."

கொர்ரி சிரித்தாள். "பாஸ்தியானும் இப்படித்தான் ஆலீடா. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாதான் ஆம்பளைங்க காதுல விழும்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆலீடா வரைபடத்தின் மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினாள். அதற்குள் ரூலோஃப் அடுத்ததைச் சொன்னான்.

"ஒண்ணு பண்ணலாமா? கொர்ரிக்குத்தான் இந்த ரோடெல்லாம் தெரியும். வழி சொல்ல அவ என் பக்கத்துல உக்காரட்டும். நீ அவ காரை எடுத்துக்கிட்டு பின்னாலயே வந்துடு."

முப்பத்தொரு வருடமாக மடியில் வரைபடத்தோடு அந்த முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறவள் ஆலீடா. வழி தவறினால் அவள் தப்பு, சரியாகப் போய்ச் சேர்ந்தால் அவன் சாமர்த்தியம். ஆனாலும் அது அவள் இடம்.

"அது பாத்துக்கலாம்," என்றாள். "கேரவன் நிறுத்துற முகாம்ல இடம் பதிவு பண்ற வேலைய நான் செய்றேன்."

மறுநாள் காலை அந்த வளைவில் இருந்த முகாமுக்குப் போன் செய்தாள்.

"பக்கத்துல பக்கத்துல ரெண்டு இடம் இருக்கும்மா, பன்னெண்டும் பதிமூணும். தண்ணிக்கு ஓரமாவே," என்றாள் அங்கே இருந்த பெண்.

"பன்னெண்டு மட்டும் போதும்."

அப்புறம் இன்னொரு முகாமுக்குப் பேசினாள். அது ஆற்றின் எதிர்க்கரையில் இருந்தது. அங்கே கொர்ரியின் பேரில் ஓர் இடம் எடுத்தாள். நடுவில் மோசெல் ஓடுகிறது. பக்கத்துப் பாலம் ஏழு கிலோமீட்டர்.

"நம்ம பக்கத்துல ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சு. கொர்ரிக்கு எதிர்க்கரையில எடுத்திருக்கேன்," என்று சாயங்காலம் ரூலோஃபிடம் சொன்னாள். கையில் உருளைக்கிழங்கு இருந்தது நல்லதாகப் போயிற்று. தோலைச் சீவுகிறவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ரூலோஃப் வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்தான். "அதுக்குள்ள நிறைஞ்சிடுச்சா? சரி விடு, எதிரும் புதிருமாத்தானே இருக்கு. காலையில எந்திரிச்சதும் கையாட்டிக்கலாம்."

தன் புருஷன் காபிக் கோப்பையோடு தண்ணீர் ஓரம் நின்று அக்கரையில் இருப்பவளுக்குக் கையாட்டுவது ஆலீடாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. ஏழு கிலோமீட்டர் தள்ளி வைத்தும் பிரயோஜனமில்லை. அன்றைக்கு உருளைக்கிழங்கு பாதியாக இளைத்துப் பானைக்குப் போனது.

அந்த வார இறுதியில், குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்திருந்த பண்ணைக் கொட்டகையிலிருந்து கேரவன் வீட்டு வாசலுக்கு வந்தது. தெருவில் மூன்று நாள்தான் நிறுத்தலாம், அதற்குள் கழுவிச் சாமான் ஏற்ற வேண்டும். ஆலீடா ஜன்னலோரப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கொர்ரி வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்க முகாமுக்கு போன் பண்ணேன் ஆலீடா. யாராவது ரத்து பண்ணியிருந்தா அந்த இடத்தைக் கேக்கலாம்னு. நாலு இடம் காலியா கெடக்காம். பக்கத்து இடம் தரேன்னு அங்க இருக்கிற பொண்ணு ஒரு அம்மாகிட்ட சொன்னாளாம், அவங்கதான் வேணாம்னுட்டாங்களாம்."

ஆலீடா ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். பாசி கலந்த தண்ணீர் ஒழுகி முடியும் வரை காத்திருந்தாள்.

"அந்த அம்மா நான்தான்."

"வேணும்னே பண்ணியா?"

"வேணும்னேதான்."

"ரூலோஃபுக்காகவா?" கொர்ரி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சாக்ஸ் போட்டு அதுமேல செருப்பு மாட்டுற அந்த ஆளுக்காகவா?"

"கேலி பண்ணாத. நீ வாயைத் திறந்தா அவனுக்குக் காது முளைக்குது. எனக்கு வயிறு எரியுது, என்ன பண்ணச் சொல்ற?"

கொர்ரி கேரவன் படியில் உட்கார்ந்தாள். "அவன் சொல்ற ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறேனே, எனக்கு மட்டும் சிரிப்பா வருது? சிரிக்கலேன்னா, ஏண்டா கூப்பிட்டோம்னு நினைச்சு விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயம். கூடாரத்துல நான் ஒரு நாள்கூட தனியா படுத்ததில்ல. உன் முன்சீட்டை நீயே வெச்சுக்கோ. பக்கத்துல ஒரு மனுஷ சத்தம் கேட்டா போதும் எனக்கு."

ஆலீடாவுக்கு இரக்கம் வந்தது. ஆனால் எரிச்சல் எழுந்து போய்விடவில்லை. இரக்கம் உட்கார இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கொர்ரியை எதிரே வைத்துக்கொண்டே பேசினாள்.

"இன்னொரு இடம் வேணும். ஒரு ஆளு, சின்னக் கூடாரம். பதிமூணா? பதிமூணு வேணாம். பதினாலு இருக்கா? நடுவுல செடிவேலி ஏதாவது உண்டா?"

"ஆலீடா," என்றாள் கொர்ரி.

"நீ சும்மா இரு." மறுபடி போனில் கேட்டாள். "எவ்வளவு உயரம்? ஆள் உயரமா? அப்ப அதையே போடுங்க. இந்தப் பக்கம் பேசினா அந்தப் பக்கம் கேக்குமில்ல? இல்லம்மா, கேக்கணும். அதுக்குத்தான் கேக்குறேன்."